பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுவது ஏன்?



ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வந்து சொல்லும் புகார் ஒன்று உண்டு. "டிஸ்க் மாத்தி கொஞ்ச நாள்தான் ஆச்சு. நூறுல போய் பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் ஆடுது." பல இடங்களில் கிடைக்கும் பதில்: "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், புதுசு போட்டுடலாம்." புதிது போடுவார்கள். ஆட்டம் நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே புகாரோடு அதே வண்டி திரும்பி வரும்.

டிஸ்க் உண்மையிலேயே வளைவது அபூர்வம். ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் அது தேய்ந்துபோயிருக்கும். அப்படித் தேயவைத்த காரணம் பெரும்பாலும் டிஸ்க்குக்கு வெளியே இருக்கும்.

முதலில், இந்த வார்ப்பிரும்புத் தட்டு படும் பாட்டைப் பார்ப்போம். 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை பிரேக் பிடித்து நிறுத்தினால், ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் சில நொடிகளில் பிறக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் அதில் கால் பங்குதான். வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், இந்த வெப்பத்தின் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளின் தலையில்தான் விழும்.

வெப்பத்தைத் தாங்கத்தான் டிஸ்க் பிரேக்கே பந்தயத்துக்கு வந்தது. 1953ஆம் ஆண்டு லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லப் டிஸ்க் பிரேக்குகளோடு இறங்கி முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பிடித்தன. டிரம் பிரேக் வைத்திருந்த போட்டியாளர்கள் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. திறந்த வெளியில் சுழலும் டிஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். மூடிய டிரம்முக்குள் சூடு தேங்கி நிற்கும்.

சரி, இத்தனை தாங்கும் டிஸ்க் ஏன் ஒரே சீராகத் தேய்வதில்லை?

முதல் காரணம், அதைப் பூட்டிய விதம். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துளி துரு இருந்தாலும் டிஸ்க் சற்றே சாய்ந்து உட்காரும். வீல் நட்டுகளை ஒன்றை இறுக்கமாகவும் ஒன்றைத் தளர்வாகவும் முடுக்கினாலும் இதே கதைதான். சாய்வு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினாலே பல கார்களுக்கு ஆகாது. சாய்ந்த டிஸ்க்கின் அதே இடம், நீங்கள் பிரேக்கைத் தொடாதபோதும், ஒவ்வொரு சுற்றிலும், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடை உரசிக்கொண்டே போகும். சுமார் 2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 500 உரசல். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பங்கிட்டு ஒரு பங்கு குறைந்தாலே போதும், 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மெலிவு நொடிக்குப் பதினான்கு முறை பேடுகளுக்கு நடுவே வந்து போகும். ஸ்டீயரிங்கில் நாம் உணரும் ஆட்டம் அதுதான். புது டிஸ்க் போட்டதும் சரியாக இருந்து, பிறகு தொல்லை தலைகாட்டுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது, ஓட்டுபவரின் கால். பந்தயத் தடத்தில் நாலைந்து சுற்று விரட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். கொதிக்கும் டிஸ்க்கின் ஒரே இடத்தில் பேட் அழுந்தி நிற்கும். பேடின் பொருள் அங்கே திட்டாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அந்தத் திட்டு மற்ற இடங்களைவிட அதிகம் சூடாகும். சூடு 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே அந்த இடத்தில் மாறி, சிமென்டைட் என்ற கடினமான பொருள் உண்டாகும். சுற்றியிருக்கும் இரும்பு தேயும், அந்தத் திட்டு தேயாது. லேத்தில் கொடுத்துக் கடைந்தாலும், ஆழத்தில் தங்கிய பகுதி மறுபடி மேடாக எழும்பும். அதனால் வேகமாக ஓட்டிய பிறகு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியை கியரில் விடுங்கள்; ஹேண்ட்பிரேக்கையும் போட வேண்டாம்.

மூன்றாவது, பேடுகளை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பர். நகரும் வகைக் காலிப்பர் இரண்டு பின்கள்மீது வழுக்கி நகர வேண்டும். அந்தப் பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால் பிஸ்டன் பக்கத்து உள்பேட் மட்டும் உழைக்கும். டிஸ்க்கின் வெளிமுகம் பளபளப்பாக இருக்கும், உள்முகம் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும். வெளியில் நின்று சக்கரத்தின் இடுக்கு வழியே பார்ப்பவர் எல்லாம் சரி என்றே நினைப்பார்.

நான்காவது காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. 1997ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களைப் படமெடுத்துவந்த டேரன் ஹீத் என்ற புகைப்படக்காரர், மெக்லாரன் காரின் பின் டிஸ்க் சிவந்து ஒளிர்வதைக் கவனித்தார். வளைவிலிருந்து வெளியேறி வேகமெடுக்கிற இடத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? நூர்பர்க்ரிங்கில் மெக்லாரன்கள் பழுதாகி நின்றபோது, ஓட்டுநர் கால் வைக்கும் பகுதிக்குள் கேமராவை நீட்டிப் படமெடுத்தார். அங்கே கூடுதலாக ஒரு பெடல் இருந்தது! அதை மிதித்தால் ஒரு பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். கார் வளைவுக்குள் இன்னும் நன்றாகத் திரும்பும். 1998 சீசனின் தொடக்கத்தில் அதற்குத் தடை விழுந்தது. பிற்பாடு அதே யோசனையை மெக்லாரன் எம்பி4-12சி என்ற சாலைக் காரில் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கியது. இப்போது பல ஸ்போர்ட்ஸ் கார்கள் இப்படித்தான் வளைவில் திரும்புகின்றன. தடத்தில் ஓட்டும்போது ஓட்டுநர் பெடலைத் தொடாமலேயே பின் பிரேக்குகள் வேலை செய்கின்றன. பின் பேடுகள் முன் பேடுகளை முந்திக்கொண்டு கரைந்தால், பழுது என்று சொல்லும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

அதிகம் ஓட்டினால் மட்டுமல்ல, ஓட்டாமல் வைத்தாலும் டிஸ்க் கெடும். கழுவிய ஈரத்தோடு ஷெட்டில் விட்டுப் பல வாரம் கழித்து எடுக்கும் காரில், பேட் மூடியிருந்த இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் துருப்பிடித்து வேறு மாதிரியும் இருக்கும். கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி, நாலு முறை பிரேக் பிடித்து, ஈரம் காய்ந்தபின் நிறுத்துவது நல்லது.

செராமிக் டிஸ்க் போட்டால் தொல்லை விடுமா என்று கேட்பீர்கள். போர்ஷே 2001இல் 911 ஜிடி2 காரில் கொண்டுவந்த செராமிக் டிஸ்க், இரும்பு டிஸ்க்கின் எடையில் பாதிதான். துருவும் பிடிக்காது. ஆனால் கடும் சூட்டில் அதிலுள்ள கார்பன் எரிந்து குறையும். தடிமன் அப்படியே இருக்க, எடை மட்டும் குறையலாம். அதனால் செராமிக் டிஸ்க்கைக் கழற்றித் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

புது டிஸ்க்குக்குப் பணம் கட்டும் முன் மெக்கானிக்கிடம் நாலு கேள்வி கேளுங்கள். பழைய டிஸ்க்கின் தடிமனைப் பல இடங்களில் அளந்தீர்களா? உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா? ஹப்பின் முகத்தைச் சுத்தம் செய்து, புது டிஸ்க்கைப் பூட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சாய்வை அளந்து பார்ப்பீர்களா? வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் முடுக்குவீர்களா? வண்டி கைக்கு வந்ததும், புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, மிதமான வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் சில முறை பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் போடுகிற டிஸ்க், பழையது போன வழியிலேதான் போகும்.