நின்றுபோன வண்டியும் நெகிழ்விக்கும் எண்ணெயும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். சுவடிப் பதிப்புகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். பதிப்பு நெறி குறித்து எனக்கு விளங்காதிருந்த ஒன்றைப் பழவேற்காட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவர் விளங்க வைத்தார். அதனால்தான் இத்தலைப்பு.

என் தந்தையார் பள்ளி ஆசிரியர். கோட்டைக்குப்பம், கோரைக்குப்பம் என ஏரியோரக் குப்பங்களுக்கெல்லாம் புல்லட்டில்தான் போய் வருவார். அந்த ஓசை தெருமுனையில் கேட்டதும் அம்மா உலை இறக்குவார். தந்தையார் மறைந்த பின் இருபது ஆண்டுகள் வண்டி கொட்டகையிலேயே நின்றது. இவ்வாண்டு பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை பேச வந்தார். தம்பியும் இசைந்துவிட்டான். கண்பார்வை மங்கிய அம்மா மட்டும், "ஓடாதா அது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அவ்வண்டி நம் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கடல் கடந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் பூட்டினர். பின்னர் உறுப்புகளும் இங்கேயே உருவாயின. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகு, 1977இல் நம் புல்லட் அந்நாட்டுக்கே ஏற்றுமதியாயிற்று. வேற்று மண்ணில் பிறந்த ஒன்று நம்மிடம் தங்கிப் பிழைத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு.

கொட்டகையைத் திறந்தோம். உப்புக்காற்று தன் வேலையை முடித்திருந்தது. அலுமினிய மூடிகளில் வெண்பொடி பூத்திருந்தது. சக்கரக் கம்பிகளில் துரு. அக்கம்பக்கத்து இளைஞர்கள் கிக்கரை உதைத்துப் பார்க்க முந்தினர். எஞ்சின்காரர் தடுத்துவிட்டார். "இப்ப உதைச்சா உள்ள வளையம் ஒடஞ்சிரும் டீச்சர். மொதல்ல எண்ணெய் குடிக்கட்டும்" என்றார்.

பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே இரண்டு கரண்டி எண்ணெய் வார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள், கடைசி கியரில் இட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். இறுகியிருந்த பிஸ்டன் ஒரு விரற்கடை நகர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெடுநாள் கட்டிக்கிடந்த ஓலைச்சுவடியை எடுத்தவுடன் பிரித்தால் ஏடு ஒடியும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி நெகிழ்வித்த பிறகே பிரிக்க வேண்டும். இதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் ஊறும்வரை காத்திருப்பது எத்துணைக் கடினம் என்பதைக் கொட்டகை வாசலில் நின்றபோதுதான் அறிந்தேன்.

பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. டேங்கினுள் சரளைக்கல் இட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். பாயிண்டை மெல்லிய உப்புத்தாள் கொண்டு தேய்த்தார். பேட்டரி, பிளக், டியூப், டயர் இவை புதியவை. தம்பி மகன் டேங்குக்குப் புது வண்ணம் அடிக்க விரும்பினான், நான் இசையவில்லை. தந்தையாரின் முழங்கால் உரசி வெளுத்த இடம் அதில் இருக்கிறது. சிதைந்த சொல்லுக்குத் திருத்தம் வேண்டும். தேய்ந்த சொல்லைத் திருத்தப் பதிப்பாசிரியருக்கு உரிமையில்லை என்பது என் கட்சி. அன்பர்கள் மறுக்கலாம்.

புல்லட்டைக் கிளப்புவதற்கும் ஒரு யாப்பு உண்டு. ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். இடக்கைப் பக்கமுள்ள டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு இன்னும் மயிரிழை தள்ள வேண்டும். பிறகு அதை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடற்பாரம் முழுவதையும் ஊன்றி ஒரே உதை. நான்தான் உதைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தந்தையார் தம்பிக்குக் கற்பித்தார், எனக்குக் கற்பிக்கவில்லை. மூன்றாம் உதையில் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்கால் கன்றிப்போயிற்று. ஏழாவதில் எஞ்சின் இருமியது. ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது.

வார்த்த எண்ணெயெல்லாம் எரிந்து கொட்டகை முழுதும் நீலப்புகை. அம்மா சுவரைத் தடவியபடி வாசலுக்கு வந்தார். சற்றுநேரம் தலைசாய்த்துக் கேட்டார்.

"அவரு இவ்வளவு முறுக்க மாட்டாரு. கொஞ்சம் எறக்கு" என்றார்.

இறக்கினேன்.