சுமையும் கூலியும்

அருகப் பெருமான் இல்லறத்தார்க்கு அருளிய அணுவிரதங்கள் 5. அவற்றுள் முதலாவது கொல்லாமை. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் அதனைக் கெடுக்கும் குற்றங்கள் என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்துள் வகுத்துள்ளார்.

திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சாலை செல்கின்றது. அச்சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரையும் எலுமிச்சையையும் குதிரைகள் சுமந்து வருகின்றன. தொழிலாளரும் சுமக்கின்றனர். சிறுமலை வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்ற பெருமை உடையது. அதனைச் சுமப்பவர்க்கோ அன்றாடக் கூலியே வாழ்வு. மழையால் ஒருநாள் வேலை நின்றால், அன்றைய கூலியும் இல்லை.

குதிரையின் முதுகு புண்ணாகச் சுமையேற்றுவது இம்சை என்பதைச் சமணர் எவரும் அறிவர். நாள் முழுதும் உழைத்தவரிடம் கூலியைக் குறைப்பதும், "நாளை வா" என்று அனுப்புவதும் உணவை மறுத்தலேயாம். அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வணிகரும் அச்சுமையின்மேல் சுமை வைக்கின்றார்.

மகாவீர் ஜெயந்தி நாளில் ஆகார தானம் செய்தல் நன்று. பொழுது சாயுமுன் முழுக்கூலி கொடுத்தல் அதற்கும் முற்பட்ட கடமை. தானம் கொடுப்பவரின் விருப்பம். கூலி உழைத்தவரின் உரிமை. அறம் வளர்க!