வாடகை கேட்க வந்தவர்

நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் புகழைக் கால்மணி நேரமாவது பேசுவது மரபு. இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் அதிலிருந்து எனக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். நேரே ஒரு வழக்குக்கு வருகிறேன்.

1990. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு. 18 வயதுப் பெண், கைக்குழந்தையோடு வாடகைக்கு இருக்கிறாள். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர், வாசலில் நின்றபடியே அவள் கையையும் முதுகையும் வருடி, பணம் இல்லையென்றால் வேறு வகையில் கணக்கைத் தீர்க்கலாம் என்கிறார். அவள் கதவை அறைந்து சாத்துகிறாள். அவர் வெளியே நின்று ஏசிவிட்டுப் போகிறார்.

இது பாலினப் பாகுபாடுதான் என்று அமெரிக்க வீட்டுவசதித் துறைச் செயலர் முடிவு செய்தார். 1996-ல் ஏழாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது: நடந்தது தவறு, ஆனால் ஒரே ஒரு முறை, சட்டம் கேட்கும் கடுமை இதில் இல்லை என்றது.

அந்த அளவுகோல் அலுவலக வழக்குகளில் உருவானது. அலுவலகத்தில் தொல்லை என்றால் மாலையிலாவது வீட்டுக்குப் போகலாம். வீட்டிலேயே தொல்லை என்றால் எங்கே போவது? மாற்றுச்சாவி வைத்திருப்பவர் ஒருமுறை அப்படிப் பேசிவிட்டால், அடுத்த மாத வாடகைத் தேதி வரை அவள் காதெல்லாம் வாசலில்தான் இருக்கும். நீதிபதிகள் எண்ணியது சம்பவத்தை. அந்த நாட்களை எண்ணவில்லை.

அவள் வழக்குக்கு அடிப்படை, அமெரிக்காவில் 1968-ல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம்; அதில் பாலினப் பாகுபாட்டுத் தடை 1974-ல்தான் சேர்ந்தது. நிர்வாணப் படத்துக்கும் உடலுறவுக்கும் மறுத்த மனைவியையும் அவள் கணவரையும் வெளியேற்றிய ஒஹாயோ வீட்டுக்காரர் மீது 1983-ல் தீர்ப்பு வந்தது. வெளியேற்றம் கண்ணுக்குத் தெரிந்த கேடு, ஆகவே நீதிமன்றத்துக்குச் சிரமமில்லை. வெளியேற்றாமல் அச்சத்திலேயே குடியிருக்க வைப்பதுதான் வழக்கறிஞர்களைத் திணறடித்தது. ஒரே சம்பவமும் கடுமையானதாக இருந்தால் போதும் என்று வீட்டுவசதித் துறை விதி எழுத 2016 ஆனது.

2021-ல் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகர வீட்டுக்காரர் ஒருவர் 45 லட்சம் டாலர் தரச் சம்மதித்தார். வீடு தரவும், இருக்கும் வீட்டில் நீடிக்க விடவும் அவர் ஆண்டுக்கணக்கில் பாலியல் இணக்கம் கேட்டார் என்பது அரசின் குற்றச்சாட்டு. பணத்தின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு. வாடகை வீடுகளை நிர்வகிக்கவே அவருக்கு நிரந்தரத் தடை. சிறைத் தண்டனையைவிட இந்தத் தடை பயனுள்ளது என்பேன். இங்குள்ள குற்றவியல் வழக்கறிஞர்கள் கோபித்தாலும் சரி.

நம் ஊரில் இத்தகைய தொல்லைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு உண்டு. காவல் நிலையத்துக்குப் போகலாம். ஆனால் திரும்பி வந்து தூங்குவது அதே வீட்டில். அட்வான்ஸும் வீட்டுக்காரர் கையில். 2013-ன் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வாடகைதாரரைத் தொடுவதில்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தையும் பாக்கியையும் பேசுகிறது, இதைப் பேசவில்லை. அதில் ஒரு பிரிவு சேர வேண்டும்: புகார் கொடுத்த பெண்ணை வழக்கு முடியும்வரை காலி செய்யச் சொல்லக்கூடாது, அவளே வெளியேற விரும்பினால் அட்வான்ஸைப் பிடித்தமின்றி உடனே திருப்ப வேண்டும்.