மருந்தும் அச்சமும் தவக்குலும்



எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது தூதர் முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பம் செய்கின்றேன்.

அன்பார்ந்த முஸ்லிம் நேயர்களே! நம் வீடுகள் பலவற்றில் சத்தமின்றி நடந்துகொண்டிருக்கும் ஒரு விடயத்தைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். பல மாதங்களாகத் தலைச்சுற்றினால் அவதியுறும் ஒருவர் வைத்தியரிடம் செல்கின்றார். வைத்தியர் பரிசோதித்துக் குளிசை எழுதிக் கொடுக்கின்றார். பாமஸியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர், பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாளை விரித்து வாசிக்கின்றார். குமட்டல், தலைவலி, நித்திரைக் குறைவு, நடுக்கம் என்று நீளும் பட்டியலில் தலைச்சுற்றும் இருக்கின்றது. தலைச்சுற்றுக்குத் தந்த மருந்தே தலைச்சுற்றைத் தருமா என்று திகைத்து, குளிசையை அலுமாரியில் வைத்துவிடுகின்றார். நாட்கள் வாரங்களாகின்றன. நோயும் வீட்டில் இருக்கின்றது, மருந்தும் வீட்டில் இருக்கின்றது.

இந்த அச்சத்தை ஈமானின் குறைபாடு என்று சிலர் ஏசுகின்றனர். வேறு சிலரோ, மருந்தை விட்டு அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டார் என்று புகழ்கின்றனர். இரண்டுமே சரியல்ல. மருந்துக்கு அஞ்சுவது மனித இயல்பு. ஆனால் அந்த அச்சத்துக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதே இவ்வுரையின் சாரம்.

முதலில் இந்நோயைச் சிறிது விளங்கிக்கொள்வோம். தலைச்சுற்று என்பது ஒரே நோயன்று. உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால், படுக்கையில் புரளும்போதும் ஸுஜூதுக்குக் குனியும்போதும் சில வினாடிகள் உலகமே சுழல்வது ஒரு வகை. இதற்குப் பெரும்பாலும் குளிசையே தேவையில்லை. தலையைக் குறிப்பிட்ட திசைகளில் திருப்பி அத்துகள்களை உரிய இடத்துக்கு மீட்கும் முறையொன்றை, அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992-ஆம் ஆண்டு வெளியிட்டார். சில நிமிடங்களில் அதனைச் செய்துவிடலாம். காது இரைச்சலோடும் கேள்விக் குறைவோடும் வரும் மெனியர் நோய் இன்னொரு வகை. ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடைய தலைச்சுற்று மற்றொரு வகை. இரத்தச் சோகை, இரத்த அழுத்தம், ஏற்கெனவே பாவிக்கும் மருந்துகள் ஆகியனவும் காரணமாகலாம்.

இவற்றோடு, 2017-ஆம் ஆண்டு சர்வதேச வைத்திய நிபுணர்கள் வரைவிலக்கணம் வகுத்த நீடித்த தலைச்சுற்று ஒன்றும் உண்டு. மூன்று மாதங்கள் அல்லது அதற்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் தலை இலேசாக ஆடுவது போன்றும் நிலம் நிலையற்றது போன்றும் இருக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும், சனநெரிசல் மிக்க சந்தையிலும், கோடுகள் நிறைந்த விரிப்பைப் பார்க்கும்போதும் அது அதிகரிக்கும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தென்படாது. ஆனால் அது பாசாங்கு அல்ல. காதில் ஏற்பட்ட ஒரு நோயோ, கடுமையான ஒரு பதற்றமோ முதலில் உடலின் சமநிலையைக் குலைக்கின்றது. அப்போது மூளை எச்சரிக்கை நிலைக்குச் சென்று ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கத் தொடங்குகின்றது. முதல் நோய் நீங்கிய பின்னரும் அந்தக் கண்காணிப்பு நீங்குவதில்லை. அதுவே நோயாக நிலைத்துவிடுகின்றது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் நிலையைச் சொல்கின்றேன். பாடசாலையொன்றில் ஆசிரியராகப் பணிபுரிபவர். ஜும்ஆவுக்குச் சென்றால் பள்ளிவாசலின் கோடிட்ட விரிப்பு அலைபோல அசைவதாகத் தோன்றும். ஸப்பில் நிற்க அஞ்சி, முதலில் கடைசி வரிசைக்கு ஒதுங்கினார். பின்னர் வருவதையே நிறுத்திக்கொண்டார். வைத்தியர் எழுதிக் கொடுத்ததோ மனப்பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பாவிக்கப்படும் வகையைச் சேர்ந்த ஒரு குளிசை. "பைத்தியத்துக்குத் தரும் குளிசையை என் பிள்ளைக்கு ஏன் தந்தார்கள்? நாளை கலியாணம் பேச வருபவர்கள் கேட்டால் என்ன சொல்வது?" என்று உம்மா அழுதார். வாப்பா அத்தாளிலிருந்த பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். அவ்விளைஞரோ மூன்று வாரங்கள் அக்குளிசையைத் தொடவேயில்லை.

நேயர்களே! அவர் குளிசையைக் கண்டு அஞ்சியதும், விரிப்பைக் கண்டு அஞ்சியதும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதைக் கவனியுங்கள். தன் உடலை ஓயாது கண்காணிக்கும் பழக்கமே அந்த வேர். அதுவே தலைச்சுற்றை வளர்க்கின்றது. மருந்தை உட்கொண்டதும், என்ன ஆகப்போகின்றதோ என்று நாடியைப் பிடித்துப் பார்க்க வைப்பதும் அதுவே.

எதிர்பார்ப்பு மட்டுமே உடலில் நோவை உண்டாக்க முடியும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2020-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் வெளியாயின. கொலஸ்ட்ரோலுக்கான ஸ்டாட்டின் குளிசையைப் பக்கவிளைவு காரணமாகக் கைவிட்ட 60 பேர் அதில் பங்குபற்றினர். 12 மாதங்களுக்கு 12 போத்தல்கள் வழங்கப்பட்டன. நான்கில் உண்மை மருந்தும், நான்கில் மருந்தற்ற வெறும் குளிசையும் இருந்தன. எஞ்சிய நான்கும் வெற்றுப் போத்தல்கள். குளிசை இருந்த போத்தல்களுள் உண்மை மருந்து எது, வெறும் குளிசை எது என்பது அவர்களுக்குத் தெரியாது. வெறும் குளிசையை உட்கொண்ட மாதங்களிலும், உண்மை மருந்தின்போது தோன்றிய நோவில் ஏறக்குறைய 90 வீதம் தோன்றியது. அந்நோவு பொய்யல்ல, அவர்கள் உண்மையாகவே துன்புற்றனர். ஆனால் அதில் பெரும்பகுதி மருந்திலிருந்து வரவில்லை. முடிவை அறிந்தபின் அவர்களில் அரைவாசிப் பேர் மீண்டும் மருந்தை ஆரம்பித்தனர்.

ஆகவே பக்கவிளைவே கிடையாது என்று சொல்லிவிடலாமா? கூடாது. அது உண்மைக்கு மாறானது. பக்கவிளைவு உண்டு, அதற்கு ஓர் அளவும் உண்டு. பல தாள்களில் அவ்வளவு எழுதப்பட்டே இருக்கின்றது. ஐரோப்பிய முறைப்படி "மிகப் பொதுவானது" என்றால் 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வருவது. "அரிது" என்றால் 1000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவது. "மிக அரிது" என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவது. அஞ்சியவர் வாசிக்கும்போது இவையெல்லாம் ஒரே எடையுடன் நெஞ்சில் இறங்குகின்றன.

தலைச்சுற்றுக்கு நம் நாட்டில் அடிக்கடி எழுதப்படும் பெட்டாஹிஸ்டின் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறையும் தலைவலியையுமே தரும். உணவோடு உட்கொண்டால் வயிற்றுக் கோளாறு குறையும். இழுப்பு நோயோ குடற்புண்ணோ உள்ளவர் அதனை வைத்தியரிடம் முற்கூட்டியே கூற வேண்டும். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை நித்திரை மயக்கம் தரும். வாகனம் செலுத்துவோர் கவனமாக இருத்தல் அவசியம். இவை பொதுவாகச் சில நாட்களுக்கே உரியவை. வைத்தியரைக் கேளாமல் மாதக்கணக்கில் வாங்கிப் பாவித்தால், சமநிலையை மீளக் கற்றுக்கொள்ளும் மூளையின் முயற்சியை அவை தாமதப்படுத்தும். முதியோருக்குக் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கலாம்.

அந்த இளைஞருக்கு எழுதப்பட்டது செர்ட்ரலின் போன்ற வகையைச் சேர்ந்தது. முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல், தலைவலி, நித்திரைக் குழப்பம், சற்றுப் பதற்றம் ஆகியன வரலாம். பலருக்கு அவை தாமாகவே தணிந்துவிடும். பயனோ பல வாரங்கள் கழித்தே தெரியும். எனவே முதல் வாரத்திலேயே கைவிடுபவர், கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டுப் பயன் வருமுன் திரும்பிவிடுகின்றார். இதனாற்றான் வைத்தியர்கள் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுகின்றனர். இதனைத் திடீரென நிறுத்துவதும் கூடாது. அப்படி நிறுத்துவதே தலைச்சுற்றை உண்டாக்கும்.

பெற்றோர்களே! ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வகை மருந்தைத் தொடங்கும் 25 வயதுக்குட்பட்டோரை ஆரம்ப வாரங்களில் அருகிலிருந்து கவனித்துக்கொள்ளுங்கள். கடுமையான அமைதியின்மையோ, தன்னுயிருக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ தோன்றினால் தாமதியாது வைத்தியரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். முகம் வீங்குதல், மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு ஆகியன எந்த மருந்தினால் வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மார்க்கம் இதில் நமக்கு என்ன வழி காட்டுகின்றது? நாட்டுப்புற அரபிகள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளுமாறே அன்னார் பணித்தார்கள். முதுமையைத் தவிர்ந்த எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருப்பதையும் உணர்த்தினார்கள். உஸாமா இப்னு ஷரீக் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் இதனை அறிவிக்கின்றார்கள். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவருக்கு, கட்டி வைத்துவிட்டு நம்புமாறு அன்னார் வழிகாட்டிய செய்தியும் நாம் அறிந்ததே. மருத்துவம் அறியாத நிலையில் மருத்துவம் செய்பவர், அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பதும் நபிகளாரின் போதனையாகும். ஆகவே அயல்வீட்டார் தந்த குளிசையை வாங்கிப் போடுவதும், நம் குளிசையைப் பிறருக்குக் கொடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. துஆவும் ஓதிப் பார்த்தலும் மருந்தோடு சேர்ந்து செல்பவை. மருந்தைத் தள்ளி வைக்கக் காரணமாகிவிடக் கூடாது.

இரு தீங்குகள் எதிரெதிரே நின்றால் இலேசானதைத் தேர்ந்து பாரியதைத் தவிர்ப்பது ஃபிக்ஹ் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நாமோ பெரும்பாலும் தராசின் ஒரு தட்டை மாத்திரமே பார்க்கின்றோம். மருந்து தரக்கூடிய குமட்டலை நிறுக்கின்றோம். மருந்தின்றிக் கழிந்த மாதங்களை, இழந்த தொழிலை, தவறிய ஜமாஅத்தை, வீட்டுக்குள் முடங்கிய வாலிபத்தை மறு தட்டில் வைப்பதில்லை. இரண்டையும் வைத்து நிறுத்த பின்னர், இம்மருந்து வேண்டாம் என்று வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்தால் அதில் குறையில்லை. சமநிலைப் பயிற்சிகளும் உள ஆலோசனையும் இந்நோய்க்குரிய சிகிச்சைகளே. அச்சம் மாத்திரம் தனியே முடிவெடுக்கக் கூடாது.

இனி, மருந்தைத் தொடங்குபவர் செய்ய வேண்டியவை. வைத்தியரிடம் செல்லும்போது கேள்விகளைக் கடதாசியில் எழுதிச் செல்லுங்கள். இது எந்த நோய்க்கு? எந்தப் பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே வர வேண்டும்? பயன் எப்போது தெரியும்? எவ்வளவு காலம் பாவிப்பது, எவ்வாறு நிறுத்துவது? பாவிக்கும் ஏனைய மருந்துகளையும், கர்ப்பமோ பாலூட்டலோ இருந்தால் அதனையும் கூறுங்கள். ஓய்வான ஒரு நாளில், வீட்டில் ஒருவர் உடனிருக்கத் தொடங்குங்கள். உடலை மணிக்கொருமுறை சோதியாமல், நாளுக்கு ஒரு தடவை, இஷாவுக்குப் பின் இரு வரிகள் எழுதி வையுங்கள். அடுத்த கிளினிக்கில் அதனைக் காட்டுங்கள்.

ரமழான் வந்தால் வேளைகளை நீங்களாக மாற்றவோ, இரு வேளைக் குளிசைகளை ஒன்றாக விழுங்கவோ வேண்டாம். நாளுக்கு ஒரு தடவை உட்கொள்ளும் மருந்துகள் பலவற்றை ஸஹரிலோ நோன்பு திறந்த பின்னரோ எடுக்கலாம். வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். முடியாத நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்குர்ஆன் வழங்கியே இருக்கின்றது.

தொழுகையிலும் அவ்வாறே. மூல நோயினால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு, நின்றும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழுமாறு நபிகளார் கற்பித்தார்கள். கப்பலில் செல்பவர் நின்று தொழுதால் தலைசுற்றும் என்று அஞ்சினால் உட்கார்ந்து தொழலாம் என நமது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் தலைச்சுற்றைக் குறிப்பிட்டே எழுதி வைத்துள்ளனர். எனவே கதிரையில் அமர்ந்து தொழும் இளைஞனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவன் பள்ளிக்கு வந்திருப்பதே பெரும் முயற்சியாக இருக்கலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தலைச்சுற்றோடு பேச்சுக் குழறுதல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், என்றுமில்லாத கடும் தலைவலி, மயங்கி விழுதல், நடக்கவே இயலாமை ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால், நாளை பார்ப்போம் என்று இராமல் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவையை உடனே அழையுங்கள்.

அன்பின் இளைஞர்களே! உங்கள் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்குச் சிகிச்சை தேடுவதில் வெட்கமில்லை. பெற்றோர்களே! மூளையும் கல்லீரலைப் போல, இதயத்தைப் போல ஓர் உறுப்பே. அதற்கு எடுக்கும் மருந்து குடும்பத்துக்கு இழுக்கு அல்ல. பிள்ளை குளிசையைக் கையில் எடுக்கும்போது தாளை வாசித்துப் பயமுறுத்தாதீர்கள். ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து, பிஸ்மில்லாஹ் என்று சொல்லி விழுங்கச் சொல்லுங்கள். அருகில் சிறிது நேரம் அமர்ந்திருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வாயாக! வைத்தியர்களின் கைகளில் நன்மையை வைப்பாயாக! அச்சத்தின்போது எங்களுக்குத் தெளிவையும் பொறுமையையும் தருவாயாக! ஆமீன்.