நேட்டால் மணப்பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்



அகப்பாடலில் எவர் பெயரையும் சுட்டிக் கூறுதல் மரபன்று. அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணமே நிகழ்கிறது. உளுந்து கலந்த சோறு உண்டு. பந்தரின்கீழ் மணல் பரப்பியிருக்கிறது. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் நீர் சொரிந்து வாழ்த்துகின்றனர். மணமகள் எவர் மகள், எவ்வூரினள் என்பது நமக்குத் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதற்கு நேர்மாறான எழுத்து. அங்கே பெயர் உண்டு, எண் உண்டு, அலுவலக முத்திரை உண்டு. பந்தரும் மணலும் வாழ்த்தும் இல்லை. தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற நம்மவரின் மணப்பதிவேடுகளைத்தான் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். சென்னையில் கப்பலேறியோரே அவர்களுள் மிகுதி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பற்பட்டியலில் அவ்வெண்ணை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவை எழுதப்பட்டன. தழும்பை எழுதியது ஓடிப்போனால் பிடிப்பதற்காக. அதை நாம் மறந்துவிடலாகாது. 1891ஆம் ஆண்டு நேட்டால் சட்டம் இத்தொழிலாளரின் திருமணங்களையும் பாதுகாப்பு அதிகாரியின் ஏட்டில் பதியச் செய்தது.

முன்னோரைத் தேடுவோர் பெரும்பாலும் தந்தைவழியிலேயே போகின்றனர். குடும்பப் பெயர் அவ்வழியில் வருவதால் அது எளிது. பாட்டியின் தாயை அடைவதற்கு மணப்பதிவே வாயில். அதில் மணமகளின் எண் கிடைத்துவிட்டால் கப்பற்பட்டியலுக்குத் திரும்பலாம்; அவள் ஏறிவந்த கப்பல், அவளைப் பெற்ற தந்தை, விட்டுவந்த ஊர் மூன்றும் அங்கே கிடைக்கும்.

கிடைக்கும் என்றேன்; ஆனால் வாசிக்க வேண்டுமே! எழுதியவர் ஆங்கில எழுத்தர். அவர் செவியில் விழுந்த தமிழே ஏட்டில் நிற்கிறது. குப்புசாமி ‘கூப்பூசாமி’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆயிற்று, கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயிற்று. அவை இன்றும் அங்கே குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. லகர ளகர ழகரங்கள் மூன்றும் ஓரெழுத்தில் அடங்கிவிட்டன. இங்கேதான் தமிழ் கற்றவரின் வேலை தொடங்குகிறது. எழுத்ததிகாரம் படித்ததற்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் துறைக்கு வந்தார். பாட்டியின் தாயுடைய பதிவுப் படி கையிலிருந்தது. தாலுகா ‘திரிபாத்தூர்’ என்றிருந்தது. தமிழகத்தில் திருப்பத்தூர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூருக்குப் போய்த் திரும்பியிருந்தார் அவர். ஜில்லா என்னும் இடத்தில் சேலம் என்று தெளிவாக எழுதியிருந்தது. இன்று தனி மாவட்டத் தலைநகராக இருக்கும் வடபகுதித் திருப்பத்தூர், 1911 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. பிறகே வட ஆர்க்காட்டோடு இணைந்தது. ஊர் விளங்கிற்று. அடுத்து அவர் கேட்டது பெயரை. ஆங்கில எழுத்தில் ‘அலகீ’ என்றிருந்ததை அக்குடும்பம் மூன்று தலைமுறையாக அப்படியே சொல்லி வந்திருக்கிறது. “அழகி அம்மா, அழகி” என்றேன். ழகரம் அவருக்கு வரவில்லை. நான்கைந்து முறை முயன்றார். பிறகு என்னையே மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தத் தாளுக்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. பலதார மணத்தை ஏற்கும் சமய முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் 1913 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்தார். ஒருத்தியையே மணந்தவனின் மனைவியும் அன்று மனைவி அல்லளாயினாள். அவ்வாண்டு அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்துசென்று நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்த பெண்களுள் பெரும்பாலோர் தமிழர். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவருக்கு வயது 16, மணமாகாதவர். நம் மேடைகளில் அவரைப் போற்றுவோர் மூன்று பவுன் தலைவரியைச் சொல்வர். மணவுரிமையைச் சொல்ல மறந்துவிடுவர். எனக்கு அது வருத்தமே.

1914இல் வந்த இந்தியர் துயர்நீக்கச் சட்டம் அவ்வரியை நீக்கிற்று. முன்பே சமய முறைப்படி ஒருத்தியை மணந்து வாழ்ந்தோர் தம் மணத்தைப் பதிந்துகொள்ளவும் வழி செய்தது. ஆகவே அதன்பின் வந்த பதிவுகளைப் பார்ப்போர் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஏட்டிலுள்ள நாள் பதிவு நாளாக இருக்கலாம். தாலி கட்டிய நாள் பல்லாண்டு முந்தியதாக இருக்கலாம். பதிவுக்கு முன் பிள்ளை பிறந்திருப்பதைக் கண்டு பேரப்பிள்ளைகள் கூசிப்போக வேண்டியதில்லை.

நம் ஊரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கட்டாயமாயிற்று. கடல் கடந்த அழகிக்கு ஏட்டில் ஒரு வரி இருக்கிறது. அவளுக்கு ஊரிலேயே தங்கிவிட்ட தங்கை ஒருத்தி இருந்திருந்தால், அவள் மணத்தைத் தேட நமக்கு அத்தகைய ஏடு இல்லை.

வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திற்கு அப்பட்டியல்களிலிருந்து நூறு பெண் பெயர்களை ஆங்கில எழுத்தில் உள்ளபடியே படியெடுத்துக் கொண்டுவருகிறேன். கவிஞர்கள் அவற்றை வாய்விட்டுப் படித்து, எது எந்தப் பெயராக இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஆர்க்காட்டுப் பக்கத்து அன்பர்கள் அவசியம் வரவேண்டும்.