வீக்கம் வற்றினால் போதாது

குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் பேர்போன வடசென்னையில், ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கணுக்கால் பிசகாத ஆட்டக்காரர் அபூர்வம். வீக்கம் வற்றியதும் களத்தில் இறங்குகிறார்கள். அதே கால் மறுபடி பிசகுகிறது. வெளிப்பக்கத் தசைநார் நைவதோடு, பாதம் சாய்வதை உணர்ந்து சட்டென்று இழுத்துப் பிடிக்கும் தசைகளின் சுறுசுறுப்பும் மங்கிவிடுவதுதான் காரணம். காயம்பட்ட அன்று நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே அவசியம். வலி தீர்ந்த பிறகு, சுவரோரமாக வெறுங்காலில், ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். நல்ல கால் நிதானமாக நிற்க, பிசகிய காலில் மட்டும் விரல்கள் தரையைப் பிறாண்டி, பாதம் தள்ளாடினால், அது இன்னும் ஆட்டத்துக்குத் தயாரில்லை.

கிரேப் பேண்டேஜ் போதாதா என்பார்கள். கட்டு ஆடும்போது தாங்கும், மறுக்கவில்லை; இழந்த நிதானத்தை அது மீட்டுத் தராது. பிசியோதெரபிக்குப் பணம் ஏது என்பது நியாயமான கவலைதான். ஆனால் நெதர்லாந்தில், கணுக்கால் பிசகிய 522 வீரர்களை வைத்து நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் வீட்டிலேயே, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கே ஓராண்டுக்குள் மறுபடி பிசகியது. செய்யாதவர்களில் 33 சதவீதம். ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடிக்க மொட்டைமாடி போதும். பயிற்சியாளர்கள் இதை வார்ம்-அப்பிலேயே சேர்த்துவிட வேண்டும்.