வான்வழியும் மலைவழியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1935ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் பம்பாயிலிருந்து வந்து இத்திருவனந்தபுரத்தில் இறங்கிற்று. அது இடையிடையே தங்கி வந்தது. இன்றோ இங்கிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. (நிலையத்தில் காத்துக் கிடக்கும் நேரத்தை விமானக் கம்பெனியார் கணக்கில் சேர்ப்பதில்லை!)

இதே நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் போனக்காட்டுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேருந்தில் செல்வோருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. நேரத்தை அளவாகக் கொண்டால், சென்னையே நமக்கு அண்மையில் உள்ளது. போனக்காடுதான் தொலைவில் உள்ளது.

போனக்காடு ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் அங்கே வாழ்கின்றனர். நிலப்படத்தில் நூல் பிடித்தால், அங்கிருந்து பாபநாசம் 25 கிலோமீட்டருக்கு உட்பட்டது. திருநெல்வேலி ஏறத்தாழ 60. ஆயினும் நாகர்கோயில் சுற்றிச் சென்றால் 200 கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழி குறைவுதான். அதுவும் நேர்க்கோட்டின் இருமடங்குக்கு மேலாகிறது. குறுக்கே நிற்பது 1868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் மலை. 1855இல் புரௌன் என்னும் வானிலை அறிஞர் அம்மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கருவிகள் ஏறின, பாதை பிறக்கவில்லை.

மலையைக் குடைந்து சாலை போடுக என்று நான் சொல்ல வரவில்லை. கிழக்கே தாமிரபரணிக்கும் மேற்கே கரமனையாற்றுக்கும் தாய்வீடு அக்காடு. ஒருபுறம் பேப்பாறைச் சரணாலயம், மறுபுறம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அது காடாகவே இருக்கட்டும்.

ஆனால் அம்பாசமுத்திரத்துப் பக்கத்தில் தாய்மாமன் இறந்தான் என்று போனக்காட்டுக்குச் செய்தி வருகிறது என்று கொள்வோம். மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். காலைப் பேருந்து போய்விட்டதாயின், மலையின் அப்பால் நிகழும் சாவுக்கு இப்பால் இருப்பவள் முகம் பார்க்கச் செல்ல இயலாது. தோட்டம் நலிந்து, முறையான கூலியின்றி ஆண்டுகள் பல கழிந்த குடும்பத்துக்கு வாடகைக் கார் எட்டுமா? அவர்களுக்குத் தொலைவு என்பது கிலோமீட்டர் அன்று. தவறிப்போன பேருந்தும், கையில் இல்லாத கட்டணமுமே.

ஆகவே நம் சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். போனக்காட்டிலிருந்து புறப்படும் பேருந்து, தென்காசிக்கும் நாகர்கோயிலுக்கும் செல்லும் வண்டிகளைப் பிடிக்கும்படி நேரம் அமைய வேண்டுமென்று கேரளப் போக்குவரத்துக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதுவோம். இழவுக்குச் செல்வோரின் வழிச்செலவுக்கென நம்மிடையே சிறு நிதி ஒன்று திரட்டுவோம். விண்ணப்பத்தை எழுதிக் கொணர்ந்துள்ளேன். வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது.